நூற்றிருபது தம்ளரும் ஒரு பிளாஸ்க்கும்

சட்டமன்றத்தில் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதற்கு இரண்டு சாட்சி உண்டு. ஒன்று, வாசலில் உறுப்பினர்கள் கையெழுத்துப் போடும் தடித்த நோட்டு. அதை நம்புகிறவன் ஏமாளி. முன்வாசலில் கையெழுத்து, பின்வாசலில் கார் என்று காணாமல் போகிறவர்களை அந்தக் கட்டடத்துத் தூண்களுக்குக்கூடத் தெரியும். இன்னொன்று, தம்ளரக்கா வைக்கும் தம்ளர்கள். அவை யாருக்கும் பயந்ததில்லை.

வீட்டில் அவளுக்கு வேறு பெயர். அந்தக் கட்டடத்தில் சபாநாயகரிலிருந்து தோட்டக்காரர் வரை எல்லோருக்கும் அவள் தம்ளரக்காதான். நாற்பத்தெட்டு வயது. குள்ளம். நடை மட்டும் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவளின் நடை. பதினோரு வருஷமாக உறுப்பினர்களுக்குத் தண்ணீர் வைப்பது அவள் வேலை.

காலையில் ஒவ்வொரு மேஜையிலும் ஒரு தம்ளரைக் கவிழ்த்து வைப்பாள். உறுப்பினர் வந்து உட்கார்ந்ததும் போய் நிமிர்த்தி, தண்ணீர் ஊற்றி, மூடி போடுவாள். சபை முடிந்த பிறகு கவிழ்ந்தபடியே கிடக்கும் தம்ளர்களைக் கழுவ வேண்டியதில்லை. இந்த முறையைக் கொண்டுவந்தது அவள்தான். பெரிய சிந்தனை ஒன்றுமில்லை. யாரும் தொடாத தம்ளரை எதற்குக் கழுவ வேண்டும் என்ற சோம்பல். பத்தொன்பது வயதிலிருந்து பதினான்கு வருஷம் அவள் பாட்டில் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருந்தவள். விரிசல் விட்ட பாட்டிலைப் பெட்டியில் கவிழ்த்து வைப்பது அங்கே பழக்கம். கவிழ்ந்திருந்தால் உதவாது என்று அர்த்தம். அந்தப் பழக்கத்தைக் கையோடு கொண்டுவந்து சட்டமன்றத்தில் வைத்துவிட்டாள். சாதாரண நாளில் பாதித் தம்ளர் கவிழ்ந்துதான் கிடக்கும்.

மொத்தம் நூற்று இருபத்தொரு இருக்கை. தம்ளர் நூற்று இருபதுதான். மீதி ஒருவர் குறட்டை. பட்ஜெட் உரையின்போது தூங்கி, மைக் வழியாக நாடு முழுவதும் கேட்கும்படி குறட்டை விட்டதிலிருந்து அவருக்கு அந்தப் பெயர். அவருக்குப் பல் கூச்சம். பச்சைத் தண்ணீர் ஆகாது. அதனால் அவருக்குத் தினமும் ஒரு சின்ன பிளாஸ்க்கில் வெந்நீர் போகும். பிளாஸ்க்கின் மூடியே அவருக்குத் தம்ளர். அவர் வந்து உட்கார்ந்தால்தான் பிளாஸ்க் மேஜைக்கு ஏறும்.

பதினோரு வருஷ வேலை என்றால் நிரந்தர வேலை என்று நினைத்துவிட வேண்டாம். கான்டிராக்ட். ஒவ்வொரு வருஷமும் ஒரே ஒரு நாள் வேலையிலிருந்து நிறுத்தி, மறுநாள் புது ஆளைப் போலச் சேர்த்துக்கொள்வார்கள். தொடர்ந்து வேலை பார்த்தேன், நிரந்தரமாக்குங்கள் என்று அவள் கேட்டுவிடக் கூடாது அல்லவா, அதற்காக. சட்டம் செய்கிற இடத்திலேயே சட்டத்தை ஏய்க்கிற வித்தை இது. அந்த ஒரு நாள் அவள் வீட்டில் கால் நீட்டிப் படுத்துக் கூரையைப் பார்த்துத் திட்டுவாள். இந்த வருஷம் ஐந்து பேரை நிரந்தரமாக்கப் பட்டியல் தயாராகியிருந்தது. அவள் பெயர் மூன்றாவது. ஒரு கையெழுத்து பாக்கி. அந்தக் கையெழுத்தைப் போட வேண்டிய பணியாளர் குழுவின் தலைவர், ஆளுங்கட்சி உறுப்பினர் வெண்கலத் தொண்டை.

அவருக்கு மைக் தேவையில்லை. பேச எழுந்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும். நல்ல சிரிப்புக்காரர். ஊழியர்களைப் பார்த்தால் நின்று இரண்டு வார்த்தை பேசாமல் போக மாட்டார். அவர் இருக்கை குறட்டையின் இருக்கைக்குப் பக்கத்தில், ஒரு பெரிய தூணுக்குப் பின்னால்.

ஊர் நடுவில் ஒரு மைதானம் இருந்தது. அதைக் கட்டடக் கம்பெனிக்குக் கொடுக்க ஒரு மசோதா வந்தது. அன்றைக்குச் சபை நிரம்பி வழிந்தது. மணி அடித்தது, கதவுகளைப் பூட்டினார்கள், உறுப்பினர்கள் மேஜையில் இருந்த பொத்தானை அழுத்தினார்கள். அறுபத்தொன்றுக்கு அறுபது. மசோதா நிறைவேறியது. சமமாக வந்திருந்தால் விழுந்துபோயிருக்கும், அது அந்தச் சபையின் விதி.

அடுத்த நாளே எதிர்க்கட்சியில் இருந்த கணக்கு டீச்சர் புகார் கொடுத்துவிட்டார். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பெருக்கல் சொல்லிக்கொடுத்துவிட்டுத் தேர்தலில் நின்று ஜெயித்த அம்மாள் அவர். குறட்டை அன்றைக்குச் சபைக்கே வரவில்லை, பக்கத்து இருக்கைக்காரர் இரண்டு கையால் இரண்டு பொத்தானை அழுத்தியிருக்கிறார் என்பது புகார். கேமராவில் தூண்தான் தெரிந்தது. விஷயம் நெறிமுறைக் குழுவுக்குப் போனது. உறுப்பினர்கள் ஒழுக்கம் தவறினால் விசாரித்துத் தண்டனை சொல்வது அந்தக் குழுவின் வேலை. முப்பது வருஷமாக அது டீ குடித்துவிட்டுக் கலைந்துகொண்டிருந்தது.

வாக்கெடுப்பின்போது பூட்டிய கதவுக்கு உள்ளே இருந்த ஊழியர்கள் எல்லோருக்கும் ஓலை வந்தது. தம்ளரக்காவுக்கும் வந்தது.

சூப்பர்வைசர் அவளை டீ அறையில் ஓரமாக நிறுத்தினார்.

"அக்கா, நான் ஒண்ணும் சொல்லல. காவலாளிங்க ரெண்டு பேரும் கதவப் பாத்துட்டு நின்னோம்னு சொல்லப்போறாங்க. சுருக்கெழுத்து எழுதறவரு தலை குனிஞ்சு எழுதிட்டு இருந்தேன்னு சொல்லப்போறாரு. நீங்களும் தட்டப் பாத்துட்டு இருந்தேன்னு சொல்லிட்டு வந்துடுங்க."

"தட்டுல என்ன சினிமாவா ஓடுது, அதையே பாத்துட்டு இருக்க?"

"பட்டியல் யார் மேஜையில இருக்குன்னு தெரியும்ல?"

"தெரியும்."

"அப்புறம் உங்க இஷ்டம்," என்று அவர் போய்விட்டார்.

அவளுக்கு இன்னொரு பயமும் இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

வீட்டில் கணவரும் நாத்தனாரும். பிள்ளை இல்லை. கணவர் சலூன் வைத்திருந்தார். சாயங்காலமானால் கடையைப் பூட்டிவிட்டு, தொந்தி விழுந்த ஆறேழு நண்பர்களோடு அதே மைதானத்தில் வாலிபால் ஆடப் போய்விடுவார். நாத்தனார் பள்ளி வேன் ஓட்டினாள். மாப்பிள்ளை வேண்டாம், வேன் வாங்கிக் கொடுங்கள் என்று அப்பாவிடம் அடம்பிடித்து வாங்கியவள்.

"தெரியாதுன்னு சொல்லிடு," என்றார் கணவர், முகம் கழுவிக்கொண்டே. "பதினோரு வருஷம் போராடி இப்பதான் கரை தெரியுது. மைதானம் போனா போகட்டும். நான் மொட்டை மாடியில ஆடிக்கறேன்."

"மாடி தாங்காதுண்ணா," என்றாள் நாத்தனார்.

"நீ சும்மா இரு."

"அண்ணி, நீங்க நெஜமாவே பாத்தீங்களா?"

"சீட்டு காலியா இருந்தத பாத்தேன். கைய பாக்கல. தூண் மறைச்சிடுச்சு." அவள் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்தாள். "அதுவும் இல்லாம, நான் வாயத் திறந்தா என் குட்டும் வெளிய வந்துடும்."

குட்டு இதுதான். வாக்கெடுப்பு அன்று பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு குறட்டையின் இருக்கைக்குப் போயிருக்கிறாள். ஆள் இல்லை. வருவார் என்று பிளாஸ்க்கோடு சுவரோரம் நின்றிருக்கிறாள். கதவைப் பூட்டிவிட்டார்கள், வாக்கெடுப்பும் முடிந்துவிட்டது. சபை கலைந்ததும் டீ அறைக்குத் திரும்பி, வெந்நீர் வீணாகிறதே என்று அதில் தேயிலை போட்டுக் குடித்துவிட்டாள். உறுப்பினர்களுக்கு என்று போகும் எதையும் ஊழியர்கள் உண்ணவோ குடிக்கவோ கூடாது என்று அந்த அறைச் சுவரிலேயே பலகை தொங்குகிறது. கான்டிராக்ட் ஆள் அந்த விதியை மீறினால் விசாரணை கிடையாது. மறுநாள் வர வேண்டாம் என்பார்கள், அவ்வளவுதான்.

நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். "அண்ணி, நாட்டையே வித்துட்டு நிம்மதியா தூங்கறவங்க இருக்காங்க. நீங்க ஒரு வாய் டீக்கு முழிச்சிட்டு இருக்கீங்க."

"உனக்கென்ன, உன் வேன் உன்ன வேலைய விட்டு நிறுத்தாது."

அன்று மூன்று பேரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லிவிடுவது. தம்ளரக்கா இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். இரண்டு தடவையும் நாத்தனார் சிரித்துவிட்டாள்.

விசாரணை, இரண்டாவது மாடியில் நீள மேஜை போட்ட ஓர் அறையில் நடந்தது. குழுத் தலைவர் பல் டாக்டர். ஆளுங்கட்சிதான், வெண்கலத் தொண்டையின் கட்சியேதான். நாற்பது வருஷம் பிறர் வாய்க்குள் எட்டிப் பார்த்துப் பிழைத்த மனிதர், லேசில் ஏமாற மாட்டார். அந்த அறைக்குத் தண்ணீர் வைப்பதும் தம்ளரக்காவின் வேலைதான். சாட்சிகள் ஒருவர் சொல்வதை இன்னொருவர் கேட்கக் கூடாது என்று மற்ற ஊழியர்கள் எல்லோரையும் வெளியே உட்கார வைத்தார்கள். புகார் கொடுத்த கணக்கு டீச்சரும் புகாரில் சிக்கிய இரண்டு பேரும் மட்டும் உள்ளே இருந்தார்கள். தட்டோடு சுவரோரம் நின்றவளை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. தண்ணீர் கொண்டுவருகிறவளுக்குக் காது இருக்கும் என்று அந்த அறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

முதலில் வெண்கலத் தொண்டை எழுந்தார். மேஜையில் இருந்த பேனாக்கள் உருண்டன.

"அபாண்டம் சார். நண்பர் என் பக்கத்துலதான் உக்காந்திருந்தாரு. தொடை தொடையோட இடிச்சிட்டு உக்காந்திருந்தோம். அவர் பொத்தான அவர்தான் அழுத்தினாரு."

"அவர் இருந்தாருங்கறதுக்கு ஏதாவது ஞாபகம் இருக்கா? பேசினாரா, எழுந்தாரா?" என்று கேட்டார் பல் டாக்டர்.

வெண்கலத் தொண்டை ஒரு கணம் யோசித்தார். அங்கேதான் அவருக்கு வாயில் சனி உட்கார்ந்தது. வெறுமனே இருந்தார் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். மேடைப் பேச்சாளர் அல்லவா, கொஞ்சம் ஜோடித்தால்தான் அவருக்குத் திருப்தி.

"இருக்கு சார். நல்லா இருக்கு. மணி அடிக்கறதுக்கு முன்னாடி அவருக்கு இருமல் வந்துடுச்சு. பொறை ஏறிடுச்சு. நான்தான் அவர் மேஜையில இருந்த தம்ளர எடுத்து, மூடியத் திறந்து, குடிங்கன்னு கையில கொடுத்தேன். ஜில்லுனு ஒரு தம்ளர் தண்ணி. மடமடன்னு குடிச்சாரு."

தம்ளரக்காவின் தட்டில் இரண்டு தம்ளர் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன.

ஆறு வருஷம். அந்த மனிதர் குறட்டையின் பக்கத்தில் உட்கார்ந்து ஆறு வருஷம். ஒவ்வொரு நாளும் அவள் அந்த வெள்ளி நிற பிளாஸ்க்கை அவர் மூக்குக்கு முன்னால் நீட்டித்தான் அந்த மேஜையில் வைத்திருக்கிறாள். அவர் பார்த்ததே இல்லை. அவளுக்குப் பயம் எல்லாம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. பயம் அப்படியே இருந்தது. அதற்கு மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது வேறொன்று. அந்த மேஜையில் அவள் அந்த ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூடத் தம்ளர் வைத்ததில்லை. பல் கூசுகிற மனிதருக்கு ஜில்லென்று தண்ணீர் வைத்தாள் என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போக, அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பதா?

குறட்டையையும் கேட்டார்கள். அவர் வாயை அதிகம் திறக்காமல், "ஆமா, இருந்தேன்," என்றார்.

பிறகு அவளை அழைத்தார்கள். தட்டை வைத்துவிட்டு முன்னால் வந்தாள். சாட்சிக்கு ஒரு தம்ளர் தண்ணீர் வைப்பது வழக்கம். வைக்கிறவளே சாட்சியாகிவிட்டதால் வைக்க ஆள் இல்லை. பல் டாக்டர் அதைக் கவனித்து, தானே எழுந்து ஒரு தம்ளரை நிமிர்த்தித் தண்ணீர் ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினார்.

"உக்காருங்கம்மா."

"நிக்கறேங்க. உக்காந்தா எனக்குப் பேச்சு வராது. மொதல்ல என் தப்ப சொல்லிடறேன். அப்புறம் மத்தவங்க தப்புக்கு வரலாம்."

பிளாஸ்க், வெந்நீர், டீ, எல்லாவற்றையும் சொன்னாள். கூட இன்னும் இரண்டு பேர் அந்த டீயைக் குடித்தார்கள் என்பதை மட்டும் விழுங்கிவிட்டாள்.

கணக்கு டீச்சர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்.

"அதாவது," என்றார் பல் டாக்டர், "இவர் மேஜையில தம்ளரே இல்ல."

"என்னைக்குமே இல்லீங்க. பிளாஸ்க்குதான். அன்னைக்கு அதுவும் இல்ல, என் கையில இருந்துச்சு."

வெண்கலத் தொண்டை குறுக்கே வந்தார். குரலில் தேன் தடவியிருந்தார். "அம்மா, நூத்தி இருபத்தோரு சீட்டு. தினமும் சுத்தறீங்க. அதுல ஒரே ஒரு நாள், ஒரே ஒரு சீட்டு, எப்படிம்மா ஞாபகம் இருக்கும்?"

"நல்லா கேட்டீங்கய்யா. மத்த நாளா இருந்தா மறந்திருப்பேன். தினமும் அறுபது எழுபது தம்ளர்தான் கழுவுவேன், மீதி கவுந்தே கெடக்கும். அன்னைக்கு மட்டும் நூத்தி இருபதும் நிமிந்திருந்துச்சு. என் சர்வீஸ்ல மொதல் தடவை. கழுவிக் கழுவி மணிக்கட்டு வீங்கிப்போச்சு. எங்க வீட்டுக்காரர்தான் தைலம் தேச்சு விட்டாரு. அந்த நாள எப்படிங்கய்யா மறக்கறது? எல்லாரும் வந்த நாள் அது. வராதவர் ஒருத்தர்தான்."

"உங்க வீட்டுக்காரர்னு சொன்னதும்தான் ஞாபகம் வருது," என்றார் அவர். "அவரு அந்த மைதானத்துலதானே வாலிபால் ஆடறாரு?"

"ஆடறாருன்னு சொல்ல முடியாதுங்கய்யா. அவர் நிப்பாரு. பந்து வந்து அவர் மேல படும்."

இந்த முறை குழுவில் ஆளுங்கட்சிக்காரர்களே சிரித்துவிட்டார்கள். குழுவின் சுருக்கெழுத்துக்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மைதானம் போச்சுங்கற கோவத்துல சொல்றீங்க. அப்படித்தானே?"

"கோவம் இருக்குதுங்கய்யா. இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா கோவத்துக்காக பிளாஸ்க்கு தம்ளரா மாறிடாது. நீங்க பொத்தான அழுத்தினத நான் பாக்கல. தூண் மறைச்சிடுச்சு. அதையும் எழுதிக்கச் சொல்லுங்க. அவர் சீட்டு காலியா இருந்தத பாத்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

பல் டாக்டர் குறட்டையின் பக்கம் திரும்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"இவ்வளவு நேரமும் இடது கன்னத்தையே தாங்கிட்டு இருக்கீங்க. எந்தப் பல்லு? கடைவாயா?"

குறட்டை கன்னத்திலிருந்து கையை இறக்கினார்.

"வாயத் திறங்க."

"இங்கயா?"

"நான் நாப்பது வருஷமா பல்லு புடுங்கறேன். புடுங்கி எத்தன நாள் ஆச்சுன்னு எட்டிப் பாத்தா தேதியே சொல்லிடுவேன். திறக்கறீங்களா, இல்ல நீங்களே சொல்றீங்களா?"

குறட்டை பெருமூச்சு விட்டார். வாக்கெடுப்பு நடந்த நேரத்தில் அவர் வெளியே வேறொரு பல் டாக்டரின் நாற்காலியில் மல்லாந்து கிடந்திருக்கிறார். மறுநாள் நண்பர்கள் கை குலுக்கிப் பாராட்டியபோதுதான் தான் வாக்களித்த விஷயமே அவருக்குத் தெரிந்ததாம். சொல்லிவிட்டுத் தம்ளரக்காவைப் பார்த்தார். "அந்த வெந்நீர் நல்லா இருந்துச்சாம்மா?"

"டீ கொஞ்சம் லைட்டா போச்சுங்கய்யா."

தீர்ப்பு பத்து நாளில் வந்தது. குறட்டை தன் இருக்கையில் எழுந்து நின்று கண்டனம் கேட்க வேண்டும். வெண்கலத் தொண்டைக்குப் பெரிய தண்டனை. சபையின் வாசலோரம் தரையில் பதித்திருக்கும் பித்தளைப் பட்டைக்கு வெளியே நின்று, எல்லோர் முன்னாலும் கண்டனம் கேட்டு, பதினைந்து அமர்வு சபைப் பக்கமே வரக் கூடாது. எல்லாக் குழுக்களிலிருந்தும் நீக்கம். கள்ள வாக்கு கழிக்கப்பட்டு அறுபதுக்கு அறுபது ஆனதால் மசோதா தானாகவே விழுந்தது.

இதில் ஒரு சிக்கல். பித்தளைப் பட்டை எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

விதிப் புத்தகத்தில் இருந்தது. சபையில் இல்லை. சூப்பர்வைசர் வாசலில் தவழ்ந்து தேடினார். கடைசியில் தச்சர் ஒருவர் வந்து, கம்பளத்தின் ஓரத்தை நெம்பித் தூக்கினார். அடியில் கிடந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால் கம்பளம் விரித்தவர்கள், இனி எவனையும் இங்கே நிறுத்தப் போவதில்லை என்ற தைரியத்தில் அதன் மேலேயே விரித்துவிட்டார்கள். பட்டை கரிச்சட்டி மாதிரி கறுத்திருந்தது. தம்ளரக்கா ஒரு டப்பா பாலிஷும் பழைய துணியும் எடுத்துக்கொண்டு மண்டிபோட்டு உட்கார்ந்தாள். ஒரு மணி நேரத்தில் முகம் பார்க்கலாம் போல ஆகிவிட்டது.

"விதியில இன்னொண்ணும் இருக்கு அக்கா," என்றார் சூப்பர்வைசர், புத்தகத்தைப் பார்த்தபடி. "பட்டைக்கு வெளியே நிற்பவருக்கு ஒரு தம்ளர் தண்ணீர் வைக்கப்பட வேண்டும்."

"வெச்சிட்டா போச்சு."

"வேற யாரையாவது வைக்கச் சொல்லட்டுமா?"

"ஏன், என் வேலைய நான் பாக்கக் கூடாதா?"

கண்டன நாளன்று சலூனில் யாரும் முடி வெட்டிக்கொள்ளவில்லை. வெட்டிக்கொள்ள வந்தவர்களும் பாதித் தலையோடு டிவியைப் பார்த்தார்கள். நாத்தனார் வேனை வாசலில் நிறுத்திவிட்டு வந்து, அண்ணியின் முழங்கை திரையில் தெரிந்ததும் கடையையே இரண்டாக்கினாள்.

சபையில் எல்லாத் தலைகளும் வாசல் பக்கம் திரும்பியிருந்தன. வெண்கலத் தொண்டை பட்டைக்கு வெளியே வந்து நின்றார். எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்று விதியில் இல்லாததால் கொஞ்சம் திணறினார். தம்ளரக்கா பக்கத்தில் இருந்த சிறு மேஜையில் தம்ளரை நிமிர்த்தி, தண்ணீர் ஊற்றி, சபாநாயகர் பக்கம் கண்ணைக் காட்டினாள். வெண்கலத் தொண்டை அந்தப் பக்கம் திரும்பினார்.

சபாநாயகர் வாசித்தார். "இந்தச் சபை ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்குதான் தந்திருக்கிறது. அதுகூட அவருடையதல்ல. அவரை அனுப்பிய மக்களுடையது. தம் வாக்கோடு பிறர் வாக்கையும் போட்டதற்காகவும், அதை மறைக்க நெறிமுறைக் குழுவிடம் பொய் சொன்னதற்காகவும் இந்தச் சபை உங்களைக் கண்டிக்கிறது." அப்புறம் இன்னும் இரண்டு பக்கம் இருந்தது. ஜன்னல் கண்ணாடியை அதிர வைத்த மனிதர் அதை மூச்சுக்கூட விடாமல் கேட்டார்.

முடிந்ததும் தம்ளரை எடுத்து ஒரே மடக்கில் காலி செய்தார். வெளியே போகத் திரும்பியவர் அவள் பக்கம் குனிந்து, தன் வாழ்நாளில் முதல் முறையாக மெதுவாகப் பேசினார்.

"ஆறு வருஷமுமா வெந்நீர் குடிச்சாரு?"

"ஆமாங்கய்யா. லீவு நாள் தவிர."

அவர் தலையை ஆட்டினார். உதட்டோரம் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டு போய்விட்டார்.

இதெல்லாம் சரி. பட்டியல் என்ன ஆனது? ஒருவரும் பேசவில்லை. பணியாளர் குழுவைத் துணை சபாநாயகர் ஏற்றுக்கொண்டார் என்று மட்டும் தெரிந்தது. தம்ளரக்கா கேட்கவில்லை. டீ விஷயத்தைத் தன் வாயாலேயே சொல்லிக் குழுப் பதிவில் ஏற்றிவிட்ட பிறகு எந்த முகத்தோடு கேட்பது? ஒவ்வொரு நாளும் வீட்டை விட்டுக் கிளம்பும்போது, சாயங்காலம் வேலையோடுதான் திரும்புவேனா என்று கணவரிடம் கேட்பாள். "திரும்பலன்னா சலூன்ல தண்ணி தெளிக்கற வேலை காலியா இருக்கு," என்பார் அவர்.

மூன்றாவது வாரம் சூப்பர்வைசர் நீளமான ஒரு கவரை நீட்டினார். "வீட்ல போய்ப் பிரிங்க," என்றார். முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டிருந்தார்.

அவள் பஸ்ஸில் பிரிக்கவில்லை. நேரே சலூனுக்குப் போய், காலியாக இருந்த சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, கவரை நாத்தனாரிடம் கொடுத்தாள். "நீயே படி. எனக்குக் கை ஓடல."

நாத்தனார் பிரித்தாள். முகம் சுருங்கியது. "மெமோ, அண்ணி."

"டீக்கா?"

"டீக்குத்தான். உறுப்பினருக்கு உரிய வெந்நீரைச் சொந்த உபயோகத்துக்குப் பயன்படுத்தியதற்கு ஏழு நாளுக்குள் விளக்கம் அளிக்கவும்னு போட்டிருக்கு."

கணவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "ஊருக்கே நல்லது பண்ணவளுக்கு இதுதான் மரியாதையா?"

"இருண்ணா." நாத்தனார் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். முதல் வரியை மறுபடி படித்தாள். பிறகு நாற்காலியைப் பிடித்து அண்ணியோடு சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள்.

"ஏய், தல சுத்துது. என்னடி?"

"அண்ணி, கான்டிராக்ட் ஆளுக்கு மெமோ கொடுப்பாங்களா?"

"கொடுக்க மாட்டாங்க. வெளிய போன்னு சொல்லிடுவாங்க."

"அப்போ இதக் கேளுங்க. 'நேற்று முதல் நிரந்தரப் பணியாளராகிய தாங்கள்.' நேற்று முதல், அண்ணி. உத்தரவு பின்னால தனியா வருமாம். அடியில கையால எழுதியிருக்கு."

தம்ளரக்கா தாளை வாங்கிப் பார்த்தாள். அடியில் சூப்பர்வைசரின் கோணல் எழுத்து. உத்தரவு அச்சாகி வர ஒரு வாரம் ஆகும் என்பதால் மெமோ முதலில் வந்துவிட்டதாக அதில் இருந்தது. அவருக்குத் தெரிந்த முறையில் சேதியை முன்கூட்டியே சொல்லிவிட்டார் மனிதர்.

அவள் வாழ்க்கையில் வாங்கிய முதல் மெமோ. நாலு தடவை படித்தாள். முடி வெட்டிக்கொள்ள வந்தவரும் வாங்கிப் படித்தார்.

"அவங்களுக்குக் கண்டனம், எனக்கு மெமோ," என்றாள் அவள். "விதின்னா எல்லாருக்கும்தான் விதி. சரியாத்தான் இருக்கு."

"விளக்கம் என்னன்னு எழுதப் போற?" என்று கேட்டார் கணவர்.

"குடிச்சேன்னு எழுதுவேன். இனிமே குடிக்க மாட்டேன்னும் எழுதுவேன்."

"கூடக் குடிச்ச ரெண்டு பேர்?"

"அது மெமோவுல கேக்கல." அவள் தாளை மடித்துக் கவரில் போட்டு, கவரைப் பைக்குள் வைத்து, பையை மடியில் அணைத்துக்கொண்டாள். "ஏங்க, மைதானத்துக்குக் கிளம்பலயா? மணி அஞ்சரை ஆச்சு. பந்து உங்கள தேடும்."